ஒரே மலையின் இரண்டு உயிர்கள்: ஹவாய் வௌவாலும் ஓவாஹு மரநத்தையும்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பவை இரண்டு சிற்றுயிர்கள். இரண்டும் பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்தவை. ஒன்று, ஹவாய் மக்கள் ஓப்பெயபெய என்றழைக்கும் நரைமயிர் வௌவால். மற்றொன்று, ஓவாஹு தீவின் மலைக்காடுகளில் மட்டுமே வாழும் அகாட்டினெல்லா என்ற மரநத்தை. வௌவாலையும் நத்தையையும் எதற்காக ஒப்பிட வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உடலமைப்பில் ஒப்பிட ஒன்றுமில்லைதான். ஆனால் இரண்டும் ஒரே மலையில், ஒரே ஓஹியா மரத்தில் தங்கக்கூடியவை. இரண்டும் இரவில்தான் இயங்கும். அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் வௌவால் 1970இல் ஏறியது. அகாட்டினெல்லா பேரினம் முழுவதும் 1981இல் ஏறியது. சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் ஒரே தகுதி. ஆனாலும் அவற்றைக் காக்கும் வழிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கின்றன. ஏன் அப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் வௌவால். எடை 14 முதல் 18 கிராம். சிறகை விரித்தால் ஓர் அடி நீளம். உடல் மயிரின் நுனிகள் வெண்மையாக, உறைபனி படிந்தாற்போல் தெரியும். குகைகளில் கூட்டமாகத் தொங்கும் வழக்கம் இதற்கு இல்லை. மரத்தின் இலைகளுக்கிடையே தனியாகத் தங்கும். கோடையில் தாய் பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனும். இரவில் குட்டிகளை மரத்திலேயே விட்டுவிட்டு அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும் பிடிக்கப் போகும். ஒரே இரவில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் சென்று திரும்பும் வௌவால்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலோரம் முதல் எரிமலையின் உயர்ந்த சரிவுகள் வரை எங்கும் அது இரை தேடும். பருவத்துக்கேற்ப மலையேறும், மலையிறங்கும்.

இந்த வௌவாலின் முன்னோர்கள் வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. இடையில் சுமார் 3,700 கிலோமீட்டர் திறந்த கடல். இறங்கி இளைப்பாற ஒரு பாறைகூடக் கிடையாது. காற்றின் உதவியோடு சில வௌவால்கள் அதைக் கடந்திருக்கின்றன. அதுவும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று அண்மைக் கால மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில், மனிதர் கொண்டுவராமல் தானாக ஹவாய்க்கு வந்து இன்றும் உயிரோடிருப்பது இந்த ஓர் இனம்தான். பன்றி, எலி, ஆடு, கீரி, பூனை எல்லாம் மனிதரோடு வந்தவை.

மரநத்தையின் கதை வேறு. இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, மெருகேற்றியதுபோல் பளபளக்கும் கூம்பு ஓடு. மஞ்சள், பச்சை, பழுப்பு, வெள்ளை, கருமை எனப் பட்டைபட்டையாக வண்ணங்கள். ஓட்டின் சுழற்சியில் வலம்புரியும் உண்டு, இடம்புரியும் உண்டு. இலையை இது கடிப்பதே இல்லை. இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் பூஞ்சைப் படலத்தை நாவால் வழித்து உண்ணும். மரத்துக்குத் தீங்கு ஏதும் இல்லை, இலை துப்புரவாகிறது. நம் தோட்டங்களில் கீரையையும் வாழைக்கன்றையும் அரித்துத் தின்னும் நத்தைகளைப் பார்த்து, நத்தை என்றாலே பயிர்ப்பகை என்று பழகியிருக்கிறோம். அந்த எண்ணத்தைத் தயவுசெய்து இந்த நத்தையின்மீது ஏற்றாதீர்கள்.

பறக்காத நத்தை நடுக்கடல் தீவுக்கு எப்படி வந்தது? இதற்கு ஒரு பதில் ஜப்பானிலிருந்து கிடைத்திருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய நத்தை ஒன்றைப் பறவைகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 15 விழுக்காடு நத்தைகள் பறவையின் குடல் வழியாக உயிருடன் வெளியே வந்தன. அந்த ஆய்வு 2012இல் வெளியானது. அகாட்டினெல்லாவின் முன்னோர்களும் பறவையின் இறகிலோ காலிலோ குடலிலோ ஒட்டிக்கொண்டு தீவுக்குத் தீவு தாவியிருக்கலாம். வௌவால் தன் சிறகில் வந்தது, நத்தை பிறர் சிறகில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்து சேர்ந்த பிறகு நடந்ததில்தான் வேறுபாடு பெரிது. வௌவால் முதன்மைத் தீவுகளில் பெரும்பாலானவற்றில் ஏறத்தாழ எங்கும் போகும். போகும் இடத்தில் கலந்து இனம் பெருக்கவும் முடியும். எனவே அது ஓர் இனமாகவே இருக்கிறது. நத்தையோ ஒரு மரத்தில் பிறந்து, பெரும்பாலும் அதே மரத்திலோ கிளை உரசும் பக்கத்து மரத்திலோ இறக்கிறது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு இடையே கூர்மையான மலைமுகடு. அதைக் கடப்பது நத்தைக்கு எளிதல்ல. அப்படிப் பிரிந்து கிடந்த கூட்டங்கள் காலப்போக்கில் வேறு நிறம், வேறு உருவம், வேறு இனம் என்று ஆயின. கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறிய ஓவாஹு தீவில் மட்டும் 41 அகாட்டினெல்லா இனங்கள். உலகில் வேறெங்கும் இவை கிடையாது.

இந்த வியப்பை முதலில் அறிவியல் கேள்வியாக மாற்றியவர் ஜான் தாமஸ் குலிக். 1832இல் ஹவாயில், கிறித்தவ மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தொரு வயதில், 1853இல், ஓவாஹுவின் பள்ளத்தாக்குகளில் மரநத்தை ஓடுகளைத் திரட்டத் தொடங்கினார். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு. பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் மழை ஒன்று, மரங்கள் ஒன்று, பகைகள் ஒன்று. நத்தைகள் மட்டும் வேறு வேறு. சூழல் ஒன்றாக இருக்கும்போது உயிர் ஏன் வேறாகிறது? தனித்துக் கிடப்பதே வேறாவதற்குப் போதும் என்று அவர் வாதிட்டார். 1872இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு டார்வினையும் நேரில் சந்தித்தார். பிற்காலத்தில் இயற்கைத் தேர்வு இல்லாமலே தற்செயலாக மரபுப் பண்புகள் மாறுவதைக் கணக்கிட்ட செவால் ரைட் போன்றவர்கள் குலிக்கின் நத்தைகளை நினைவுகூர்ந்தார்கள். பரிணாம அறிவியல் என்றதும் கலாபகோஸ் குருவிகளைச் சொல்கிறோம். ஓவாஹு நத்தைகளுக்கும் அந்த வரிசையில் இடம் உண்டு. நம் பாடநூல்களில் அவை இல்லாதது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

ஆனால் குலிக்கின் காலத்து ஆர்வத்துக்கு இன்னொரு முகமும் இருந்தது. அன்றைய ஹோனலூலுவில் ஓடு சேர்ப்பது ஒரு காய்ச்சலாகவே பரவியது. ஒருவரே ஆயிரக்கணக்கில் சேர்த்தார். மெல்ல வளரும் உயிருக்கு இது பேரிழப்பு. எவ்வளவு மெல்ல என்பதைச் சொல்ல வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஹேட்ஃபீல்ட் 1970களில் ஓவாஹுவின் வையனாய் மலைத்தொடரில் அகாட்டினெல்லா முஸ்டெலினா என்ற இனத்தைக் குறியிட்டு அளந்தார். பிறக்கும்போது நாலரை மில்லிமீட்டர். ஆண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவே வளர்ச்சி. முட்டையிடாமல் குட்டி ஈனும்; ஈற்றுக்கு ஒரே குட்டி. இனம் பெருக்கும் பருவத்தை எட்ட ஆண்டுகள் பல ஆகும். பத்தாண்டுக்கு மேல் வாழும். யானையின் வாழ்க்கைக் கணக்கை ஒரு நத்தைக்குள் வைத்ததுபோல் இருக்கிறது இது. பகையே இல்லாத மரத்தில் மெல்லப் பெருகினால் போதும். பகை வந்துவிட்டால் இந்த வேகம் எதற்கும் ஈடுகொடுக்காது.

பகை வந்தது. பாலினேசியரோடு வந்த சிறு எலி, பின்னர் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கருப்பு எலி, வளர்ப்புப் பிராணியாக 1972இல் கொண்டுவரப்பட்டுக் காட்டில் பெருகிய ஜாக்சன் பச்சோந்தி எல்லாம் நத்தைகளைத் தின்றன. அவற்றுள் கொடியது ஒன்று உண்டு. அதை விரிவாகச் சொல்லக் காரணம், அந்தக் கதையின் ஒரு முனை நம் நாட்டில் இருக்கிறது.

மழைக்காலத்தில் நம் சுவர்களில் ஏறும் பெரிய ஆப்பிரிக்க நத்தையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. அதை மொரீஷியஸிலிருந்து 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர் நத்தை ஆய்வாளரான பென்சன். அங்கிருந்து 1900இல் இலங்கைக்குப் போனது. பின்னர் தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள் என்று பரவி, 1936இல் ஹவாயை அடைந்தது. பயிர்களை அழித்தது. அதை ஒழிக்க 1955இல் ஹவாய் வேளாண் துறையினர் ஃபுளோரிடாவிலிருந்து வேட்டை நத்தை ஒன்றை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். யூகிளாண்டினா ரோசியா என்பது அதன் பெயர். நத்தையைத் தின்னும் நத்தை. இரை விட்டுச்சென்ற கோழைத் தடத்தை முகர்ந்துகொண்டே பின்தொடரும். மரத்திலும் ஏறும்.

அது ஆப்பிரிக்க நத்தையை ஒழித்ததாக நம்பத்தக்க சான்று இல்லை. தோட்டத்தில் நிற்காமல் காட்டுக்குள் போனது. உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தையைவிட விரல்நுனி அளவு மரநத்தை அதற்கு எளிய இரை. ஹேட்ஃபீல்ட் ஆய்ந்துவந்த ஒரு மரநத்தைக் கூட்டம், ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் பத்தாண்டு முடியுமுன் முற்றாக அழிந்தது. அளந்து, குறியிட்டு, வயது கணக்கிட்டு வைத்திருந்த உயிர்கள். பசிபிக்கின் மற்றொரு மூலையில், தாஹித்தியிலும் மூரேயாவிலும், 1970களில் இதே நத்தையை இதே காரணத்துக்காக விட்டார்கள். அங்கே பார்ட்டூலா மரநத்தைகளுக்கும் அதே கதி நேர்ந்தது. கேடு விளைவது கண்முன்னே தெரிந்த பிறகும் அதைத் திரும்பச் செய்தார்கள். அறியாமையால் நேர்ந்தது என்று முதல் தடவையை மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

1981இல் 41 இனங்களும் பட்டியலில் ஏறியபோதே அவற்றில் பல அழிந்திருந்தன. இன்று காட்டில் எஞ்சியிருப்பவை பத்து இனங்கள்கூடத் தேறாது. அழிந்தவற்றுள் ஒன்றைப் பற்றி உலகமே கேள்விப்பட்டது. 1787இல் ஜார்ஜ் டிக்சன் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவருக்கு ஓவாஹுவில் ஓர் ஓட்டு மாலை கிடைத்தது. அதில் கோக்கப்பட்டிருந்த நத்தையே மேலை அறிவியல் பெயரிட்ட முதல் ஹவாய் நிலநத்தை, அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா. 1997இல் அந்த இனத்தின் கடைசிப் பத்து நத்தைகளைக் காட்டிலிருந்து பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே குட்டிகள் பிறந்தன. பிறகு ஒவ்வொன்றாக மடிந்தன. ஒன்றே ஒன்று எஞ்சியது. அதற்கு ஜார்ஜ் என்று பெயரிட்டார்கள். இந்த நத்தைகள் ஆணும் பெண்ணும் ஓருடலில் அமைந்தவை. இருந்தும் துணையில்லாமல் ஜார்ஜால் குட்டி ஈன முடியவில்லை. 2019 ஜனவரி 1 அன்று, ஏறத்தாழப் பதினான்கு வயதில், கைலுவாவில் உள்ள பராமரிப்புக் கூடத்தில் அது இறந்தது. அதோடு அந்த இனமும் முடிந்தது. 2017இல் வெட்டியெடுத்த இரண்டு மில்லிமீட்டர் திசு மட்டும் சான் டியாகோ விலங்குக் காட்சியகத்தின் உறைபெட்டியில் இருக்கிறது.

வௌவாலுக்கு இப்படி ஒரு கடைசி நாள் வரவில்லை. சிறகு அதற்குப் பெரும் காப்பு. ஒரு காட்டை அழித்தால் இன்னொன்றுக்குப் போகும். அயல் மரங்களிலும் தங்கும். ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்துக் கேட்டதில், அரிதாகிவிட்டதாகக் கருதப்பட்ட ஓவாஹுவிலும் பரவலாக அதன் குரல் கிடைத்திருக்கிறது. ஆனால் மொத்தம் எத்தனை வௌவால்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியவில்லை. தனித்து வாழும், இலைக்குள் மறையும், சில வேளை ஒலி எழுப்பாமலே பறக்கும் உயிரை எப்படி எண்ணுவது? நத்தையை மரத்துக்கு மரம் எண்ணலாம். ஓட்டின்மேல் குறியிட்டு அடுத்த ஆண்டு அதே நத்தையைத் தேடிப் பிடிக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஹவாய் மக்களின் பழம்பாடல்களில் மரநத்தைகள் பாடும். காஹுலி என்று அழைத்து, இரவில் காடெங்கும் அவற்றின் பாட்டு ஒலிப்பதாகப் போற்றியிருக்கிறார்கள். அது சிள்வண்டுகளின் ஓசையாக இருக்கலாம் என்கிறார்கள் இயற்கை ஆய்வாளர்கள். இருக்கட்டும். ஊமையான ஓர் உயிருக்குக் குரல் கொடுக்கும் அளவுக்கு அந்த மக்களின் வாழ்வில் நத்தைகள் நிறைந்திருந்தன என்பதே எனக்கு முக்கியம். இரவில் கத்திக்கொண்டு பறக்கும் வௌவாலின் குரலோ மனிதச் செவிக்கு எட்டுவதில்லை.

சிறகு எல்லாவற்றிலிருந்தும் காக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஹவாயில் இன்னொரு வௌவால் இருந்தது. 1981இல் ஃபிரான்சிஸ் ஹோவார்த் என்ற ஆய்வாளர் மாவி தீவின் எரிமலைக் குகை ஒன்றில் அதன் எலும்புகளைக் கண்டார். சினெம்போரியன் என்ற புதிய பேரினமாக 2016இல்தான் அது விவரிக்கப்பட்டது. மூன்று லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தீவுகளில் வாழ்ந்த அந்தச் சிறு வௌவால், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்திருக்கிறது. மனிதர் வந்து குடியேறிய காலத்தை ஒட்டி அது மறைகிறது. பறக்கும் உயிரும் அழியும். அழிவது கண்ணில் படாமலே போகும்.

இன்று எஞ்சியுள்ள வௌவாலுக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஆபத்து வந்திருக்கிறது. 2015இல் ஹவாய் மாநிலம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, இந்த வௌவாலை மாநிலத்தின் நிலப் பாலூட்டியாக அறிவித்தது. மற்றொன்று, 2045க்குள் மின்சாரம் முழுவதையும் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்தே பெறுவது என்று இலக்கு வைத்தது. இரண்டும் நல்ல சட்டங்கள். ஆனால் காற்றாலை இறகுகளில் அடிபட்டு வௌவால்கள் சாகின்றன. அமெரிக்க நிலப்பரப்பிலும் காற்றாலைகளில் அதிகம் இறப்பது இதன் நெருங்கிய உறவான நரைமயிர் வௌவால்தான். வௌவாலா மின்சாரமா என்று சண்டையிடத் தேவையில்லை. மெல்லிய காற்று வீசும் இரவுகளில் வௌவால்கள் அதிகம் பறக்கின்றன; அப்போது கிடைக்கும் மின்சாரமோ சொற்பம். காற்று நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தை எட்டும்வரை இறகுகளைச் சுழலவிடாமல் வைத்தால் சாவுகள் கணிசமாகக் குறைகின்றன. 15 அடிக்கு மேற்பட்ட மரங்களை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை வெட்ட வேண்டாம், வேலியின் மேல்வரிசையில் முள்கம்பி வேண்டாம் என்ற அறிவுரைகளும் உண்டு. பறக்கத் தெரியாத குட்டி அந்த மாதங்களில் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

நத்தைக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. அதற்கு வேண்டியது வேலி. வையனாய் மலைகளில் சில மரங்களைச் சுற்றி எலி, பச்சோந்தி, வேட்டை நத்தை மூன்றையும் தடுக்கும் சுவர்கள் எழுப்பியிருக்கிறார்கள். வெளிப்புறம் வளைந்த விளிம்பு, அறுத்த செம்புக் கம்பிவலை, மின்சாரம் பாயும் கம்பி என்று தடுப்புக்குமேல் தடுப்பு. ஒரு கிளை ஒடிந்து சுவர்மேல் சாய்ந்தால் போதும், பகைக்குப் பாலம் கிடைத்துவிடும். எனவே யாராவது தொடர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்ப்பவற்றுக்கு ஓஹியா இலைகளைக் கொண்டுவந்து, பூஞ்சையை வளர்த்து ஊட்ட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. முஸ்டெலினா என்ற ஒரே இனத்துக்குள்ளேயே மரபணுவில் வேறுபட்ட ஆறு தனிக்கூட்டங்கள் இருப்பதை 2002இல் கண்டறிந்தார்கள். ஒரு வேலிக்குள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் போதும் என்று இருக்க முடியாது. ஆறுக்கும் ஆறு இடம் வேண்டும்.

வௌவாலைக் காக்க நாம் விலகி நிற்க வேண்டும்: வெட்டாமல், சுழற்றாமல், முள் கட்டாமல். தீவு முழுக்க எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் நடக்கும். நத்தையைக் காக்க நாம் அருகில் இருக்க வேண்டும்: ஒரு சிலர், சில மரங்களின் அடியில், நாள் தவறாமல். ஓர் உயிர் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அறியாமல் அதற்குப் பாதுகாப்பு வகுக்க முடியாது என்பதே இந்த ஒப்பீட்டில் நான் கண்டது. பெரிய சரணாலயம் அறிவித்துவிட்டால் உள்ளே உள்ள எல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை, நத்தையைப் பொறுத்தவரை, பொய். பெரும் காட்டின் நடுவே, சட்டத்தின் முழுப் பாதுகாப்போடு, அந்த இனங்கள் அழிந்தன.

நம் மலைகளுக்கு வருகிறேன். தேனி மாவட்டத்து மேகமலையில் 1948இல் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவால், வேறொரு சாதாரண இனத்தின் பெயரைத் தாங்கி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா 1972இல் அது புதிய பேரினம் என்று கண்டுபிடித்து, சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு வௌவாலே கண்ணுக்குப் படாமல் இருந்தது என்றால் நத்தைகளின் நிலை என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 270 நிலநத்தை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் நான்கில் மூன்று பங்கு அங்கே மட்டும் வாழ்பவை. பலவற்றைப் பற்றி நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஓட்டின் வருணனைக்கு மேல் நம்மிடம் எதுவும் இல்லை. எதை உண்கிறது, எத்தனை ஆண்டு வாழ்கிறது, எந்த மரத்தில் தங்குகிறது என்ற குறிப்பே இல்லாமல் அவற்றைக் காக்கப்போவது எப்படி?

எனவே இந்த அவையின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். விலங்கியல் மாணவர்களே, உங்களில் சிலராவது முதுகலை ஆய்வுக்கு நிலநத்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டாம். மழைக்காலம், கைவிளக்கு, அளவுகோல், குறிப்பேடு, பல ஆண்டுப் பொறுமை போதும். முறைப்படி வனத்துறை அனுமதி பெற்றுச் செல்லுங்கள். ஓடுகளைச் சேர்க்காமல் உயிரோடு அளந்து விட்டுவாருங்கள். இந்தப் பேச்சுக்கு வழிசெய்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, ஆண்டுக்கு ஒரு மாணவருக்கு இந்த வேலைக்கென உதவித்தொகை தர முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். ஒரே சோலையில் பத்தாண்டு தொடர்ந்து எடுத்த கணக்கு ஒன்று தமிழ்நாட்டில் உருவாக அது போதும்.